எளிய சார்ட்டுகள் போன பிறகு: வேலூர் கோடிங் ட்ரெய்னிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஜூனில், ஏஐ மென்பொருள் எளிய வேலையை எடுத்துக்கொண்ட சில மாதங்களில், வேலூரில் கிளை வைத்திருக்கும் ஒரு மெடிக்கல் கோடிங் நிறுவனம் (மருத்துவக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றித் தரும் நிறுவனம்) தன் ரேடியாலஜி பிரிவு ட்ரெய்னிகளை ஒவ்வொருவராக எச்ஆர் அறைக்குக் கூப்பிட்டது. இங்கேயே உட்கார்ந்து ராஜினாமா மெயில் போட்டுவிட்டால் அனுபவச் சான்றும் ரிலீவிங் லெட்டரும் கிடைக்கும், போடாவிட்டால் பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை என்று எழுதி அனுப்ப வேண்டியிருக்கும் என்று சொல்லப்பட்டது. அன்று மாலைக்குள் எல்லோரும் மெயில் போட்டுவிட்டார்கள். ஏட்டின்படி அங்கே யாரும் வேலையிலிருந்து நீக்கப்படவில்லை. எல்லோரும் தாங்களாகவே விலகியவர்கள். ஏஐ எத்தனை பேர் வேலையைப் பறித்தது என்று நாளை யாராவது கணக்கெடுத்தால், இவர்கள் அதில் வர மாட்டார்கள்.

அந்த வரிசையில் ஒருவர் குடியாத்தம் பக்கத்துப் பெண். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, வயது 22. தொழிலாளர் துறைக்கு மனு எழுதுவதற்காக அவருடைய ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், டிஎல் (டீம் லீடர்) அனுப்பிய மெயில்கள், மாதாந்திர ஸ்கோர் ஷீட் எல்லாவற்றையும் நான் படிக்க வேண்டி வந்தது. இந்த ஆய்வு அந்தக் காகிதங்களிலிருந்து எழுதப்பட்டது. பெயர் வேண்டாம் என்றார், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம் என்றார். அடுத்த வேலைக்குப் போகும்போது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் யாரிடம் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

வேலை என்ன

சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஊர் என்பதாலோ என்னவோ, வட ஆற்காட்டில் லைஃப் சயின்ஸ் படிப்புக்கு எப்போதும் ஆள் உண்டு. நர்சிங், பிசியோதெரபி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி என்று வருடா வருடம் படித்து வருகிறார்கள். அத்தனை பேருக்கும் ஆஸ்பத்திரியிலோ லேபிலோ இடம் ஏது? ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் இவர்கள் படிப்புக்கு ஏற்ற வேலை குறைவு. அந்த இடைவெளியில்தான் மெடிக்கல் கோடிங் வந்து உட்கார்ந்தது. கோடிங் கற்றுத்தரும் சென்டர்கள் முளைத்தன. இந்தப் பெண் கட்டிய ஃபீஸ் 25 ஆயிரம், மகளிர் சுயஉதவிக் குழுவில் அம்மா வாங்கிக் கொடுத்த கடன்.

வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்க்கிறார். டாக்டர் எழுதிய குறிப்பு, அதாவது சார்ட், கோடுகளாக, அதாவது எழுத்தும் எண்ணுமான குறியீடுகளாக, மாறினால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தரும். நோய்க்கு ஐசிடி-10 கோடு, செய்த பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ சிபிடி கோடு. 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐசிடி-9ஐ விட்டு ஐசிடி-10க்கு மாறியபோது நோய்க் கோடுகளின் எண்ணிக்கை சுமார் 14,000இலிருந்து 70,000 அளவுக்கு ஏறியது. கோடர்களின் வேலைப் பளுவும் ஏறியது, அதில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வந்தது.

இதற்கு முந்தின தலைமுறை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்தது. டாக்டர் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும், 65 எழுத்து ஒரு வரி, வரிக்கு இவ்வளவு கூலி. குரலைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் வந்ததும் டைப் அடித்தவர்கள் திருத்துகிறவர்கள் ஆனார்கள், வரிக்கூலி குறைந்தது. அந்தக் கதையைக் கோடிங் சென்டர்காரர்கள் மாணவர்களிடம் சொல்வதில்லை. சொன்னால் யார் சேருவார்கள்?

புதிதாகச் சேருகிறவருக்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் ரேடியாலஜி, அதிலும் எக்ஸ்ரே. பார்வைக்கு அற்பமான வேலை. ஒரு சார்ட்டை எடுத்துப் பார்ப்போம். நோயாளிக்கு இருமல். மார்பு எக்ஸ்ரே, இரண்டு கோணத்தில். படம் எடுக்க அனுப்பிய டாக்டர் “நிமோனியாவாக இருக்கலாம்” என்று எழுதியிருக்கிறார். ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டில் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. சிபிடி 71046. ரேடியாலஜிஸ்ட் படத்தைப் படித்ததற்கு மட்டும் பில் போடுவதால் பின்னால் 26 என்ற மாடிஃபையர், அதாவது கூடுதல் குறி. நோய்க்கு என்ன போடுவது? புதியவர் கை நேராக ஜே18.9க்குப் போகும், அது நிமோனியா. அது தப்பு. வெளிநோயாளி சார்ட்டில் “இருக்கலாம்”, “சந்தேகம்” என்றெல்லாம் எழுதியதைக் கோடு செய்யக் கூடாது, உறுதியான அறிகுறியைத்தான் போட வேண்டும். ஆகவே ஆர்05.9, வெறும் இருமல். அதே “இருக்கலாம்” உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால் விதி தலைகீழாகிறது, நோய் இருப்பதாகவே கோடு செய்ய வேண்டும்.

மணிக்கட்டு முறிவுக்கு வாருங்கள். கோடின் ஏழாவது எழுத்து ஏ என்றால் முதல் தடவை, டி என்றால் அடுத்த தடவை என்று சென்டரில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உண்மையில் ஏ என்பது சிகிச்சை இன்னும் மும்முரமாக நடக்கிறது என்பதற்கு. மூன்றாவது டாக்டரிடம் போனாலும் ஏ வரலாம். இந்த மாதிரி நுணுக்கங்களைப் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும். நூறு சார்ட்டில் பத்தை, கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் திருப்பி அனுப்பி, ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதும்போதுதான் ஒட்டும். எளிய சார்ட் என்பது நிறுவனத்துக்கு உற்பத்தி, ட்ரெய்னிக்கு அதுவே பள்ளிக்கூடம். சம்பளம் கொடுத்து நடத்தும் பள்ளிக்கூடம். இவருக்குக் கையில் வந்தது மாதம் 13 ஆயிரம்.

ஜனவரியில் மாறியது

2024 ஜூலையில் சேர்ந்தவர், பயிற்சி முடிந்து அக்டோபரில் நிஜ சார்ட்டுகளைக் கோடு செய்யும் புரொடக்‌ஷனுக்கு வந்தார். டிசம்பரில் அவருடைய துல்லியம் 96 சதவீதம். இந்தத் தொழிலில் 95க்கு மேல் இருந்தால் சரி என்பார்கள். 2025 ஜனவரியில் க்ளையன்ட் ஆட்டோ கோடிங் மென்பொருளைக் கொண்டுவந்தது. அது சார்ட்டைப் படித்துக் கோடு போட்டு, தனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று ஒரு மதிப்பெண்ணும் தரும். மதிப்பெண் அதிகமாக இருந்தால் மனிதக் கை படாமலேயே பில்லுக்குப் போய்விடும். குறைந்தால் ஆளிடம் வரும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மார்பு எக்ஸ்ரேக்கள் ட்ரெய்னியின் வரிசையிலிருந்து போய்விட்டன. வந்தவை இயந்திரம் தடுமாறியவை: முரண்பட்ட ரிப்போர்ட், இரண்டு பரிசோதனை ஒன்றாக எழுதியது, இடதா வலதா என்று தெளிவில்லாதது. அனுபவசாலி யோசித்துப் போட வேண்டிய சார்ட்டுகள், ஆறு மாதப் பிள்ளையின் மேஜைக்கு வந்தன. டார்கெட்டோ மாறவில்லை. பிப்ரவரியில் ஸ்கோர் 93, மார்ச்சில் 91. டிஎல்லுக்கு அவர் அனுப்பிய மெயில் ஒன்று இருக்கிறது: “அண்ணா, ஈஸி சார்ட் எதுவுமே வரலை. டார்கெட்டைக் கொஞ்சம் குறைச்சு வைக்க முடியுமா?” பதில்: “எல்லாருக்கும் அதே க்யூதான்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.” டிஎல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையிலும் டார்கெட்டை மாற்றும் பட்டன் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்சி ரேமண்ட் மூவரும் 5,000க்கு மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களிடம் ஏஐ உதவியாளர் என்ன செய்தது என்று பார்த்தார்கள். சராசரி உற்பத்தித் திறன் சுமார் 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கோ 34 சதவீதம். கருவி அனுபவமில்லாதவருக்குத்தான் அதிகம் உதவியது. அதே பிரின்யோல்ஃப்சன் 2025 ஆகஸ்டில் வேறு இருவருடன் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கச் சம்பளப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டது. ஏஐயால் அதிகம் பாதிக்கப்படக்கூடிய தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, 2022 இறுதிக்குப் பிறகு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் சரிந்திருக்கிறது. இரண்டும் எப்படி உண்மையாகும்? கருவியைப் புதியவரின் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒரு விளைவு, புதியவரின் நாற்காலியில் உட்கார வைத்தால் வேறு விளைவு. இரண்டாவது ஆய்விலும் சரிவு தெரிந்தது ஏஐ வேலையைத் தானே செய்துமுடிக்கும் இடங்களில்தான், கூட நின்று உதவும் இடங்களில் இல்லை.

வேலூரில் நடந்தது நாற்காலி வகை. அதே மென்பொருளை வேறு விதமாக வைத்திருக்கலாம். இயந்திரம் போட்ட கோடை மறைத்துவிட்டு ட்ரெய்னியைப் போடச் சொல்லி, பிறகு இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கலாம். ஆடிட்டர் வேலை பாதி குறைந்திருக்கும், பிள்ளைகளும் வேகமாகத் தேறியிருப்பார்கள். க்ளையன்ட் சார்ட்டுக்கு இவ்வளவு என்று பணம் தருகிற ஒப்பந்தத்தில், கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. அதனால் அது நடக்கவில்லை.

பட்டியலைப் போட்டது

ஜூனில் யார் போக வேண்டும் என்ற பட்டியல் ஸ்கோர் ஷீட்டிலிருந்து எடுக்கப்பட்டது. சிஸ்டத்தில் எத்தனை நிமிடம் அசையாமல் இருந்தார், மணிக்கு எத்தனை சார்ட், துல்லியம் எவ்வளவு என்று மென்பொருளே கூட்டித் தரும் எண் அது. கடினமான சார்ட் வந்ததா எளிதானதா என்பது அந்த எண்ணில் இல்லை. ஆக இரண்டு இயந்திரங்கள். ஒன்று எளிய வேலையை எடுத்துக்கொண்டது. மற்றொன்று, எளிய வேலை இல்லாமல் தடுமாறியவர்களுக்கு மதிப்பெண் குறைத்தது. சட்டத்தின் கண்ணில் இந்த இரண்டும் வெவ்வேறு விஷயம் என்பதால் பிரித்துச் சொல்கிறேன்.

சட்டம் எங்கே நிற்கிறது

ஏஐ சட்டம் என்றதும் எல்லோரும் ஐரோப்பாவைக் கை காட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது, விதிகள் படிப்படியாக அமலாகின்றன. ஆளெடுப்பு, வேலை பிரித்துக் கொடுப்பது, கண்காணிப்பு, பணிநீக்கம் இவற்றில் முடிவெடுக்கும் ஏஐயை அது உயர் அபாயப் பட்டியலில் வைக்கிறது. அப்படிப்பட்ட அமைப்பை வேலையிடத்தில் வைப்பதற்கு முன் ஊழியர்களுக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். நியூயார்க் நகரம் 2023 ஜூலையிலிருந்து ஆளெடுப்பு மென்பொருளுக்குப் பாரபட்சத் தணிக்கை கேட்கிறது. நல்லதுதான். இவையெல்லாம் நம்முடைய இரண்டாவது இயந்திரத்தை, அதாவது மதிப்பெண் போட்டதைத்தான் பிடிக்கும். முதல் இயந்திரம் யாரையும் எடைபோடவில்லை, வேலையைச் செய்தது, அவ்வளவே. இந்தப் பெண் ஐரோப்பாவில் இருந்திருந்தாலும் எக்ஸ்ரே சார்ட்டுகள் போனதற்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடையாது.

இந்தியாவில் தனி ஏஐ சட்டம் இல்லை. 2025 நவம்பரில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட ஏஐ ஆளுகை வழிகாட்டுதல்கள், இப்போதைக்குத் தனிச் சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டங்களே போதும் என்ற பக்கம் நிற்கின்றன. சரி, இருக்கிற சட்டங்களைத்தான் பார்ப்போமே.

1947ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 9-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. நான்காம் அட்டவணையில் உள்ள விஷயங்களில் மாற்றம் செய்வதற்கு 21 நாள் முன்பே தொழிலாளிக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அட்டவணையில் ஒன்று: ஆட்குறைப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய வகையில் இயந்திரத்தையோ தொழில்நுட்ப முறையையோ மேம்படுத்துவது. தறிக்கும் லேத்துக்கும் எழுதிய வாசகம், ஆனாலும் ஆட்டோ கோடிங் மென்பொருள் இதில் அடங்காது என்று சொல்ல எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் அமலான தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் 40ஆம் பிரிவாக, மூன்றாம் அட்டவணையாக இதே விஷயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் வந்த காலத்தில் வங்கிச் சங்கங்கள் இந்தத் திசையில்தான் பேரம் பேசின. 1983இல் இந்திய வங்கிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்ட பிறகே வங்கிகளுக்குள் இயந்திரங்கள் பெருகின. கோடிங் கம்பெனியில் பேரம் பேச யார் இருக்கிறார்கள்? ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியது. அது பலருக்கு இன்றைக்கும் செய்தி.

அடுத்த ஓட்டை பெரியது. பழைய சட்டத்தில் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் பயிற்சியாளரும் அடங்கினார். புதிய தொகுப்பு, 1961ஆம் வருட அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் வருகிறவர்களை வெளியே நிறுத்துகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்பட்டவரின் காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பே அல்ல என்றும் சொல்கிறது. நாளை ஒரு நிறுவனம் புதியவர்களை எல்லாம் அப்ரெண்டிஸாகவோ ஒரு வருட ஒப்பந்தத்திலோ எடுத்தால், ஏஐ முதலில் தொடும் ஆட்களும் சட்டம் விட்டுவிடும் ஆட்களும் ஒரே ஆட்களாக இருப்பார்கள்.

அவருடைய அம்மா பீடி சுற்றுகிறவர். 1966ஆம் வருடத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டது. அந்தச் சட்டம் இப்போது புதிய தொகுப்புகளுக்குள் கரைந்துவிட்டது, அது வேறு கதை. மனுவுக்காகக் காகிதங்களைப் பரப்பியபோது அந்த அம்மா கேட்டார்: “பீடி சுத்துற எனுக்கே நோட்டு கீது, பி.எஃப். கீது. கம்ப்யூட்டர்ல வேலை செஞ்ச உனுக்கு இன்னாடி கீது?” சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் இருந்தது. அதைத் தவிர அவர் கேட்டது நியாயமான கேள்வி.

வேறொரு பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும், மனிதக் கோடர் இன்னும் எங்கே தேவைப்படுகிறார் என்பதை. உள்நோயாளி சார்ட், பெரிய அறுவை சிகிச்சை, இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்த பில்களைப் பார்க்கும் டிநையல் வேலை இவற்றில் அனுபவசாலிகளை அந்த நிறுவனம் இப்போதும் வைத்திருக்கிறது. இயந்திரத்தால் முடியாது என்பது பாதிக் காரணம். மறுபாதி அமெரிக்கச் சட்டம். அரசு இன்ஷூரன்ஸுக்குத் தெரிந்தே பொய்யான பில் போட்டால் அங்கே மூன்று மடங்கு வரை நஷ்டஈடு கட்ட நேரும், கூடவே அபராதம். அதனால் பெரிய தொகை பில்களில் ஒரு மனிதர் பார்த்தார் என்ற பதிவு ஆஸ்பத்திரிக்கு வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல், ஒரு சிகிச்சை தேவையில்லை என்று மறுக்கும் முடிவை ஏஐ மட்டும் எடுக்கக் கூடாது, உரிமம் பெற்ற மருத்துவரோ மருத்துவப் பணியாளரோ எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. ஆக, எந்த மேஜையில் மனிதர் மிஞ்சுவார் என்பதில் கலிஃபோர்னியாவின் தலைநகர் சாக்ரமென்டோவிலும் வாஷிங்டனிலும் எழுதப்படும் வரிகளுக்கும் பங்கு உண்டு. அவர்கள் நோயாளியைக் காப்பாற்ற எழுதுகிறார்கள். குடியாத்தம் ட்ரெய்னி அவர்கள் கணக்கில் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கணக்கு சென்னைக் கோட்டையிலும் டெல்லியிலும் இருக்க வேண்டியது.

தமிழ்நாடு அரசு நினைத்தால் புதுச் சட்டத்துக்குக் காத்திராமலே ஒன்று செய்யலாம். ‘தொழில்நுட்ப முறை மேம்பாடு’ என்பதில் வேலையைத் தானே செய்யும் மென்பொருளும் அடங்கும் என்று தொழிலாளர் துறை ஒரு தெளிவுரை வெளியிடலாம், 2016இல் சங்கம் பற்றித் தெளிவுபடுத்திய மாதிரி. 21 நாள் அறிவிப்பு யார் வேலையையும் காப்பாற்றாது. டார்கெட்டை மாற்றுங்கள், எளிய சார்ட்டில் ஒரு பங்கைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள் என்று கேட்பதற்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கும். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாதிரியான திறன் பயிற்சிகளுக்கும் இது பொருந்தும். படிப்பை மட்டும் கொடுத்துவிட்டு, படித்ததைப் பழகும் முதல் ஒன்றரை வருட வேலையைச் சந்தையிடம் விட்டால் போதாது.

மனு

2025 செப்டம்பரில், பழைய சட்டம் அமலில் இருந்தபோதே, 2-ஏ பிரிவின் கீழ் சமரச அலுவலரிடம் மனு கொடுத்தார். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை. நிறுவனத்தின் பதில் எதிர்பார்த்ததுதான்: அவராகவே விலகினார், ட்ரெய்னிதான், மென்பொருள் க்ளையன்டின் முடிவு. ராஜினாமா மெயில்கள் ஒரே நாளில் வரிசையாக, கிட்டத்தட்ட ஒரே வாசகத்தில் வந்திருந்தது அலுவலரின் கண்ணில் பட்டது. மனு கொடுத்த பெண்ணுக்கு வந்த வரைவும் தனிச் செல்போனில் எச்ஆர் அனுப்பியதாகவே இருந்தது, அதை அவர் அழிக்காமல் வைத்திருந்தார்.

ஜெயித்தால் என்ன கிடைத்திருக்கும் என்று பார்த்தால் சிரிப்பு வரும். இழப்பீட்டுக்குத் தேவையான 240 நாள் வேலை செய்த கணக்கு இருந்தது. ஆட்குறைப்பு என்று நிரூபணமானால் ஒரு மாத அறிவிப்புச் சம்பளம், பதினைந்து நாள் இழப்பீடு. மொத்தம் சுமார் 20 ஆயிரம், சென்டருக்குக் கட்டிய ஃபீஸ்கூடத் தேறாது. புதிய தொகுப்பில் மறுதிறன் நிதி என்று இன்னொரு பதினைந்து நாள் சம்பளம் உண்டு, ஆட்குறைப்பு நடந்த 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் போட வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு அதுவும் கிடையாது.

அதனால் பணத்தை விட அவர் வேறொன்றைக் கேட்டார். மெடிக்கல் கோடர்களுக்கான சிபிசி சான்றிதழ்ப் பரீட்சை அவர் பாஸ் செய்திருந்தார், ஆனால் அனுபவமில்லாதவர்களுக்குத் தருவது சிபிசி-ஏ. அந்த ஏ என்பது அப்ரெண்டிஸ். இரண்டு வருடக் கோடிங் அனுபவம் காட்டினால் அது நீங்கும், அங்கீகரித்த பயிற்சி நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் ஒரு வருடம் போதும். அனுபவச் சான்றில் ‘ட்ரெய்னி’ என்று இருந்ததை, புரொடக்‌ஷனுக்கு வந்த தேதியிலிருந்து ‘ஜூனியர் கோடர்’ என்று மாற்றித் தரச் சொன்னார். தப்பை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் அதற்கும் ஒரு மாதச் சம்பளத்துக்கும் சம்மதித்தது.

இப்போது அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் மேஜையில் இருக்கிறார், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு முன் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் வேலை. சம்பளம் முன்பைவிடக் குறைவு. பழைய நிறுவனத்தின் புது ஆளெடுப்பு அறிவிப்பில் சிபிசி கட்டாயம், குறைந்தது இரண்டு வருட அனுபவம் என்று இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தை எங்கே வாங்குவது என்று அறிவிப்பில் இல்லை.

மற்ற ட்ரெய்னிகளில் இரண்டு பேர் தங்களுக்கும் அதே மாதிரி சான்று வேண்டும் என்று மெயில் போட்டார்கள். மனு கொடுத்தவருக்கு மட்டும்தான் அந்த ஏற்பாடு என்று பதில் வந்தது. அவர்கள் மனு இப்போது தயாராகிறது.